பின்னுக்கு வளைந்த கால்

என் இடது முழங்கால் பின்னுக்கு வளையும். மற்றவர்களுக்குக் கால் நேரானதும் முழங்கால் நின்றுவிடும். எனக்கு அது நிற்காமல் இன்னும் பின்னால் போய், பார்க்கிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அளவுக்கு வளைந்த பிறகுதான் நிற்கும். சிறுவயதில் வந்த இளம்பிள்ளை வாதம் விட்டுப்போன மிச்சம். நடக்கும்போது இடது கையைத் தொடையில் ஊன்றிக்கொள்வேன். எந்த நீளச் சட்டை வாங்கினாலும் தொடையில் கை படுகிற அந்த இடம்தான் முதலில் வெளுக்கும். உலகத்தில் எல்லாருக்கும் இரண்டு கை என்றால் நடக்கும்போது எனக்கு ஒன்றுதான். குடம் என்றாலும் ஒன்று, பிள்ளை என்றாலும் ஒரு கையால் தூக்கக்கூடிய பிள்ளை மட்டும்தான்.

யுத்த காலத்தில் மன்னார்ப் பக்கத்திலிருந்து முஸ்லிம்களான எங்களை ஆயுதக்காரர் வெளியேற்றியபோது நானா என்னை முதுகில் சுமந்துகொண்டுதான் வள்ளத்தில் ஏறினார். நானா என்றால் என் மூத்த சகோதரர். நான் அப்போது சின்னப் பிள்ளை அல்ல, கல்யாண வயதுக் குமர்ப்பிள்ளை. அவருடைய கழுத்தைக் கட்டிக்கொண்டு வெட்கத்தில் கண்ணை மூடியிருந்தேன். புத்தளத்தில் கற்பிட்டி வீதிப் பக்கம் ஓலைக் கிடுகுக் கொட்டிலில் இருந்து, பிறகு அதே இடத்தில் கல்லால் ஒரு வீடு கட்டினோம். வாப்பாவும் உம்மாவும் இங்கேயே மவுத்தாகி அடக்கமானார்கள்.

யுத்தம் முடிந்ததும் சனம் ஒவ்வொரு குடும்பமாக ஊருக்குத் திரும்பியது. நானாவும் மதினியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனார். என்னை விட்டுவிட்டுப் போனார்.

“அங்க ஊரே காடு மூடிக் கிடக்கு, அத வெட்டுறதே பெரும்பாடு. கிணறு ஒரு தொங்கல்ல, கக்கூஸ் மற்றத் தொங்கல்ல. இந்தக் காலோட வந்து நீ என்ன செய்வாய், சொல்லு? நடை கொஞ்சம் சரிவரட்டும். நானே வந்து கூட்டிட்டுப் போறன்.”

அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. அவர்கள் ஏறிய வான் வீதியால் திரும்பும்வரை கதவடியில் நிற்காமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். பிறகு பல மாதங்களுக்கு அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் காலத்தைத் தள்ளினேன். நடை சரிவரட்டும் என்றாரே, சரிவர வைத்துக் காட்டுகிறேன் என்று.

பகலில் ஒரு வெங்காய வளவில் எனக்கு வேலை. பிடுங்கி வந்த சின்ன வெங்காயத்தின் தாளை வெட்டிக் குவிக்க வேண்டும். அது எனக்குப் பிடித்த வேலை. எல்லாரும் தரையில் குந்தியிருக்கும் இடத்தில் நடை தெரியாது, வாய்தான் தெரியும். எனக்கு வாய் தாராளம். ஆனால் எங்கள் மன்னார்ப் பக்கத்துப் பெண்கள் ஊருக்குப் போகப் போக, வளவில் எனக்குப் பக்கத்து இடங்கள் காலியாகிக்கொண்டே வந்தன. பின்னேரம் வீட்டுக்கு வந்தால் மனிதக் குரல் கேட்க வானொலியைப் போட வேண்டும். மீன் விலைக்கு வானொலியோடு சண்டை பிடிக்கும் அளவுக்கு வந்துவிட்டேன்.

முதலில் பாமசியில் மருந்துகளோடு விற்கிற இறப்பர் உறை ஒன்றை வாங்கி முழங்காலில் மாட்டினேன். காலுக்குக் கதகதப்பாக இருந்தது. அதைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. உறையும் என் முழங்காலோடு சேர்ந்து சந்தோஷமாகப் பின்னுக்கு வளைந்தது. வியர்த்துச் சொறி வந்ததுதான் மிச்சம்.

முழங்காலின் பின்பக்கம் நோகத் தொடங்கியதும் டாக்டரிடம் போனேன். இப்படியே விட்டால் பின்னாலுள்ள நார்கள் இழுபட்டு இழுபட்டு ஒருநாள் நிற்கவே ஏலாமல் போகும் என்று அவர் பயங்காட்டி, சிலாபத்துக்கு அப்பால் செயற்கைக் கால் செய்கிற இடமொன்றுக்கு அனுப்பினார். அங்கே வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தவர்கள் பெரும்பாலும் கண்ணிவெடியிலும் சண்டையிலும் காலை இழந்தவர்கள். முழுக் காலோடு போனவள் நான் ஒருத்திதான். எனக்குக் கூச்சமாக இருந்தது, கல்யாண வீட்டுக்கு அழைப்பில்லாமல் போனது மாதிரி.

கால் செய்கிறவர் சிங்களவர். நாங்கள் சிங்களத்திலேயே கதைத்தோம். காலுக்குத் தாங்கலாகக் கட்டுகிற கருவியில் இரண்டு விதத்தை மாட்டி நடக்க வைத்துப் பார்த்தார். ஒன்று முழங்காலுக்கு மட்டும் போடுகிறது. தொடைக்கு முன்னால் ஒரு பட்டி, கீழ்க்காலுக்கு முன்னால் ஒரு பட்டி, முழங்காலுக்குப் பின்னால் தடுத்துப் பிடிக்கிற பட்டி, இரண்டு பக்கமும் மடிகிற பிணைச்சல் வைத்த கம்பி. மற்றது தொடையிலிருந்து பாதம் வரை இறங்கி, தடித்த சப்பாத்தோடு சேர்ந்தே இருக்கிறது. கலிப்பர் என்றார்கள். முதலாவதில் எனக்கு நடை ஆடியது. கலிப்பரில், சீமெந்துத் தரையில், பக்கத்தில் ஓடுகிற கைப்பிடிக் கம்பியைப் பிடிக்காமல் அந்த முனை வரை போய்வந்தேன். கண்ணாடியில் என் கால் நேராக இருந்தது. இதுதான் வேண்டும் என்றேன். அவரும் தலையாட்டினார்.

அது செய்து கிடைத்த கிழமையே பக்கத்து வீட்டில் பிள்ளைக்குப் பேர் வைக்கிற விசேஷம். பக்கத்து வீட்டுக்காரி புத்தளத்திலேயே பிறந்து வளர்ந்தவள், என்னைவிட இளையவள், அக்கா முறைக்கு என்னை ராத்தா என்பவள், நானா போன பிறகு என்னை எட்டிப் பார்க்கிற ஒரே ஆள். கலிப்பரைப் போட்டு, புதுச் சாரி உடுத்து, வீட்டுக்கு முன்னாலுள்ள ஒழுங்கையால் கம்பீரமாக நடந்து போனேன். சனம் பார்த்தது. பார்க்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போனேன்.

வாசற்படியில் வந்து நின்றேன். படியைச் சுற்றிச் செருப்புகள் சிதறிக் கிடந்தன.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சப்பாத்தோடு யார் வீட்டுக்குள் போவார்கள்? அதுவும் ஓதுகிறதற்குப் பாய் விரித்த வீட்டுக்குள்? பிறந்த நாளிலிருந்து ஒவ்வொரு வாசலிலும் செருப்பைக் கழற்றியே வளர்ந்தவள் நான். அந்த மனிதரும் அப்படித்தான் வளர்ந்திருப்பார். இரண்டு பேருக்கும் அது ஞாபகம் வரவில்லை. படியில் குந்தி, சாரிக்கு அடியில் கையை விட்டு, வார்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். என் நேரான கால் செருப்புகளுக்கு நடுவில் தனியாக நின்றது. நான் தொடையில் கையை ஊன்றிக்கொண்டு உள்ளே போனேன்.

“ராத்தா, அத ஏன் கழட்டினீங்க? போட்டுக்கிட்டே வந்திருக்கலாம்தானே,” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. நல்ல மனதோடுதான் சொன்னாள். பாயைப் பார்த்துவிட்டு அவளே மற்றப் பக்கம் திரும்பினாள்.

வீட்டிலும் இதே கதைதான். அடுப்படிக்குக் கழற்ற வேண்டும், தொழக் கழற்ற வேண்டும். வீதியில் மட்டும் நேராக நடக்கிற ஒரு கால். வீதியில் எனக்கு என்ன வேலை? நானா கேட்டது கிணற்றடிக்கும் அடுப்படிக்கும் நடக்கிற காலை.

திரும்பவும் பஸ் ஏறினேன். விஷயத்தைச் சொன்னதும் கால் செய்கிறவர் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு முழங்காலுக்கு மட்டும் போடுகிறதை எடுத்து, என் காலுக்கு அளவாகப் புதிதாகச் செய்ய ஆரம்பித்தார். பின்னுக்குப் போவதை முழுதாக அடைத்துவிட்டால் தொடையில் பலமில்லாத நான் முன்னுக்கு மடிந்து விழுவேன் என்றார். அதனால் கொஞ்சம் பின்னால் போக விட்டு, அதற்கு மேல் தடுத்தார். பிணைச்சலையும் சற்றுப் பின்னால் தள்ளி வைத்தார். வெறுங்காலோடு நடக்கச் சொன்னார். இனிக் கையை எடுங்கள் என்றார். கை வரமாட்டேன் என்றது. இவ்வளவு காலமும் இருந்த இடத்தை விட்டு எங்கே போவது என்று அதற்குத் தெரியவில்லை. கடைசியில் எடுத்தேன். விழவில்லை.

அதன் பிறகு எந்த வாசலிலும் நான் கழற்றவில்லை. சட்டைக்கு அடியில் இருக்கும், யாருக்கும் தெரியாது. தொழும்போது மடியும். வீட்டுக்குள் சுவரைப் பிடிக்காமல் சுற்றிச் சுற்றி நடந்து பழகினேன். வெறும் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தேன், பிறகு தண்ணீர் நிரப்பிய கோப்பைகளை அதில் வைத்து நடந்தேன். பார்க்க ஒருவரும் இல்லை. வானொலி மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

புத்தளத்தில் ஒரு கல்யாணத்துக்கு வருவதாகவும் வீட்டுக்கும் வந்து போவதாகவும் நானா போனில் சொன்னார். அன்று காலையிலேயே அலுமாரியில் இருந்த உடுப்புகளை எடுத்துப் பையில் அடுக்கி, கட்டிலுக்குக் கீழே தள்ளிவைத்தேன். உம்மாவின் தொழுகைச் சேலையும் அதற்குள் இருந்தது.

நானா வந்து கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தார். மெலிந்து, வெயிலில் கறுத்துப் போயிருந்தார். நான் குசினிக்குப் போய்த் தேத்தண்ணீர் ஊற்றி, தட்டத்தில் கோப்பைகளையும் பிஸ்கட்டையும் வைத்து, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தேன். நான் நடந்து வருவதை அவர் பார்த்துக்கொண்டேயிருந்தார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. “உம்மா இதப் பாக்க இல்லாமப் போயிட்டா.”

எனக்கு நெஞ்சு நிறைந்து போனது. அடுத்த வார்த்தைக்காக நின்றேன்.

“எனக்கு இப்பதான் நிம்மதி, புள்ள. தனிய கிடந்து என்ன செய்றாளோன்டு மதினியும் ஒவ்வொரு நாளும் கேப்பா. இப்படி ரெண்டு கையும் விட்டு நடக்கிறாய்தானே. இனி நீ ஆரையும் எதிர்பாக்கத் தேவையில்ல, இங்கேயே நல்லா இருந்துக்குவாய். அந்தக் காட்டுக்குள்ள வந்து ஏன் கஷ்டப்படப் போறாய்?”

“ஓம் நானா,” என்றேன். தட்டத்தை அவர் பக்கம் நீட்டினேன்.

அவர் தேத்தண்ணீரைக் குடித்தார், நல்லாயிருக்கு என்றார், என் தலையைத் தடவிவிட்டுப் போனார். இந்த முறை வான் திரும்பும்வரை கதவடியில் நின்றேன். பிறகு கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தேன். கட்டிலுக்குக் கீழேயிருந்து பையை இழுத்து, உடுப்புகளைப் பழையபடி அலுமாரியில் வைத்தேன். எல்லாம் இரண்டு கையாலும்தான் செய்தேன்.

அந்தத் தட்டத்தை அவர் முன்னால் கைதவறின மாதிரி நானே கீழே போட்டிருக்கலாம்.