நூலைக் கொளுத்திக் காட்டிய பெண்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு சித்திரை மாதம். சீவலப்பேரி போகும் வழியில் உள்ள ஓர் அரிசி ஆலையில் நான் மேலாளராகச் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அங்கே பாய்லரில் உமியைத்தான் எரிப்பார்கள். அந்தச் சாம்பலை அள்ளிப் பின்புறம் கொட்டுவது நான்கு பெண்களின் வேலை. சேலைக்கு மேலே வீட்டுக்காரரின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வேலை செய்வார்கள். சாயங்காலம் கண் மட்டும் தெரியும்படி கறுத்துப்போய் வெளியே வருவார்கள். பார்க்கச் சகிக்காமல், மேலும் கீழும் ஒன்றாகத் தைத்த பாய்லர் சூட் வாங்கிக் கொடுக்கலாம் என்று முதலாளியிடம் கேட்டேன். சரி என்றார்.

வண்ணார்பேட்டையில் ஒரு கடைக்குப் போனேன். கிழியக்கூடாது, துவைத்தால் அழுக்குப் போக வேண்டும். இவ்வளவுதான் என் கணக்கு. கடைக்கார அண்ணாச்சி வழுவழுப்பான நீலத் துணியில் ஒன்றை எடுத்துப் போட்டார். "ஒரு அலசு போதும்மா, அழுக்குப் போயிரும். சுருங்காது, சாயம் போவாது" என்றார். எனக்கும் பிடித்திருந்தது. நான்கு கட்டச் சொன்னேன்.

பக்கத்தில் துணி பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் வயதுதான் இருக்கும். அந்தப் புழுக்கத்திலும் மணிக்கட்டு வரை நீண்ட ரவிக்கை.

"என்ன வேலைக்கு எடுக்கிய?"

அரிசி ஆலையில் சாம்பல் அள்ள என்றேன்.

அவர் யாரையும் கேட்காமல் நீல உடையிலிருந்து ஒரு நூலை உருவினார். சாமி படத்துக்கு முன்னாலிருந்த தீப்பெட்டியை எடுத்துக் கொளுத்தினார். நூல் உருகிச் சுருண்டு கறுப்பு மணியாக இறுகியது. அடுத்து, அலமாரியில் இருந்த தடித்த காக்கிப் பருத்தி உடையில் ஒரு நூல். அது எரிந்து சாம்பலானது, ஊதியதும் பறந்துவிட்டது.

"அந்த மணி தோல்ல இறுகுனா, பிய்க்கையில தோலும் சேந்துதான் வரும்க்கா."

ரவிக்கைக் கையைச் சற்று மேலே ஏற்றினார். வெந்து ஆறிய தோலில் துணியின் நெசவு அப்படியே பதிந்திருந்தது. எந்த ஆலை என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் வெளுத்தது.

"அங்கன பின்னால அந்த மேடு இன்னும் கெடக்கா?"

நான் பதில் சொல்வதற்குள் படியிறங்கிப் போய்விட்டார்.

நான் காக்கிப் பருத்தியையே வாங்கினேன். இங்கே யாருக்காவது தீக்காயம் பட்டதுண்டா என்று முதலாளியிடம் விசாரித்தபோது, "நம்ம மில்லுல சின்னக் காயம்கூட கிடையாதும்மா" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் மத்தியானம், எப்படிப் போடுவது என்று காட்ட நானே ஒன்றைப் போட்டுக்கொண்டேன். பெண்கள் சிரித்தார்கள். அந்தக் கோலத்திலேயே பின்புறம் போனேன். காற்றே இல்லை. சாம்பல் மேடு வழவழவென்று பரந்து கிடந்தது. புகை இல்லை, ஒரு காக்கைகூட இல்லை. ஆலைச் சத்தம்கூட அங்கே அமுங்கிக் கேட்டது. ஓரத்திலிருந்து ஒரு நாயின் கால்தடம் மேலே ஏறிப் போயிருந்தது. மேட்டின் நடுவில் அது நின்றுவிட்டது. திரும்பிய தடம் இல்லை.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. கிட்டே போய்ப் பார்க்கலாம் என்று ஒரு கால் வைத்தேன்.

முழங்கால் வரை உள்ளே போனது. முதலில் வெதுவெதுப்பாக, ஏதோ ஒன்று என் காலைப் பற்றிக்கொண்ட மாதிரி இருந்தது. அடுத்த நொடி சுட்டது. சரிந்த சாம்பலுக்குள் செக்கச்செவேலென்று கங்கு.

"எக்கா, கைய ஊனாதிய! கம்பப் பிடிங்க!"

நால்வரில் ஒருவர் ஓடிவந்து சாம்பல் இழுக்கும் கம்பை நீட்டினார். எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. செருப்பு உள்ளேயே போய்விட்டது. பாதம் வெந்துபோய் ஒரு மாதம் நடக்க முடியவில்லை. ஆனால் அதற்கு மேலே காக்கித் துணி கருகி உதிர்ந்ததே தவிர, தோலில் ஒட்டவில்லை.

என் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, கம்பை நீட்டிய பெண் அழுதார். "ஏழு வருசத்துக்கு முன்ன இங்கனதான் ஒருத்தி விழுந்தா. கைய ஊனிட்டா. வெளிய சொன்னா வேலை போயிரும்னு மொதலாளி சொல்லிட்டாவ."

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் முதலாளியிடம் சண்டை போட்டேன். மேட்டைச் சுற்றி வேலி வந்தது. சாம்பலை நீர் ஊற்றி அணைத்த பிறகுதான் கொட்டுகிறோம். கடையில் பார்த்த பெண்ணைப் பலமுறை தேடிப் போனேன். அண்ணாச்சிக்கும் அவர் யாரென்று தெரியவில்லை.

எல்லாம் தெரிந்தும் அந்த நான்கு பேர் தினமும் அந்த மேட்டோரம் வாயைத் திறக்காமல் நடந்திருக்கிறார்கள். நான் அவர்களிடம் கேட்டதோ, உடைக்கான அளவை மட்டும்தான் என்பது இன்றைக்கும் என்னைச் சுடுகிறது.