அவர் உருவிக் கொடுத்த பிலிம் சுருள்

"அத்தா காலையில போயிட்டாருங்க மாமா" என்று ஜமால் பாயின் மகள் போனில் சொன்னபோது நான் காரமடையில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். தூக்கத்திலேயே, சிரமமில்லாமல் போயிருக்கிறார். அவரைச் சிரிக்கச் சிரிக்கப் பேசி பம்ப்செட் விற்றவராகவே நம்மில் பலரும் அறிவோம். அவர் உங்களிடம் சொல்லாத ஒரு நாளை நான் சொல்லியாக வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் கம்பெனி எங்கள் இருவரையும் ஆம்ஸ்டர்டாமில் ஒரு இயந்திரக் கண்காட்சிக்கு அனுப்பியது. எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். அன்னூரிலிருந்து வழியனுப்ப வந்த மாமனார் தன் புதுக் கேமராவைக் கையில் கொடுத்து, "எல்லாத்தையும் புடிச்சுட்டு வாங்க மாப்ள" என்றார்.

கடைசி நாள் மாலை கால்வாய் ஓரமாக நடந்தோம். கோடைக்காலம், இரவு ஒன்பது மணிக்கும் வெயில். துருக்கிக்காரர் டீக்கடை, இந்தோனேசியச் சாப்பாட்டுக்கடை, தெருவெல்லாம் பாட்டு. தென்னமெரிக்காவின் சுரினாமிலிருந்து வந்த ஒரு பெரியவர் கடையில் ரொட்டி தின்றோம். அவருடைய முன்னோர்கள் பீகாரிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறியவர்களாம். ஜமால் பாயின் பம்பாய் இந்தியும் அவர் இந்தியும் எப்படியோ ஒட்டிக்கொண்டன.

அடுத்த சந்தில்தான் சிவப்பு விளக்குகள். கண்ணாடிக் கதவுகளுக்குப் பின்னால் பெண்கள் நின்றிருந்தார்கள். என்ன நினைத்தேனோ, கேமராவைத் தூக்கி அமுக்கிவிட்டேன். பிளாஷ் அடித்தது.

கதவு படாரென்று திறந்தது. ஒரு பெண் வெளியே வந்து கத்தினாள். எங்கிருந்தோ வந்த ஒரு தடியன் என் சட்டையைப் பிடித்தான். 'போலீஸ்' என்ற சொல் மட்டும் புரிந்தது. வேலை, விசா, அன்னூர் மாமனார் வீடு எல்லாம் கண்முன் வந்தன. சத்தம் கேட்டு ஓடி வந்த சுரினாம் பெரியவர் அவள் கத்தியதை இந்தியில் விளக்கினார். ஓட்டலில் வேலை செய்வதாக ஊரில் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாளாம். இந்தப் படம் அங்கே போய்விட்டால்?

ஜமால் பாய் என் கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றினார். மூடியைத் திறந்து, பிலிமை முழுதாக உருவி அவள் கையில் வைத்தார். "ஸாரி, சிஸ்டர்." அவள் சுருளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தலையசைத்தாள். சட்டையைப் பிடித்த கை விட்டது. எனக்கு உயிர் திரும்பியது. அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"அஞ்சு நாள் போட்டோவும் போச்சுங்களே பாய்."

"போவுதுங்க. நம்ம பம்ப் வார்க்கற பவுண்டரிக்குள்ள எவனாச்சும் வந்து கேக்காம நம்மளப் போட்டோ புடிச்சா உடுவமா? அதுவும் வேலை செய்யற எடந்தானுங்க."

ஊர் திரும்பியதும் மாமனார் கம்பெனிக்கே வந்து படங்களைக் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன், "நாந்தானுங்க தெரியாம மூடியத் தொறந்துபோட்டேன்" என்றார் ஜமால் பாய். 'பிலிமைக் கெடுத்த பாய்' என்று மாமனார் அவர் வீட்டார் முன்னாலேயே வருடக்கணக்கில் கேலி செய்தார். பாயும் சிரித்துக்கொண்டார்.

போன மாதம்தான் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அந்தப் பொண்ணுகிட்ட நீங்க மன்னிப்புக் கேட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். நான் கேட்கவில்லை. மறுநாளே உக்கடத்தில் ஜமால் பாய் வீட்டுக்குப் போய் அவரிடம் இதைச் சொன்னேன்.

"இத்தன வருசமா இதையவா சொமந்துட்டு இருந்தீங்க?" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். அன்று வீடு திரும்பி நன்றாகத் தூங்கினேன்.

அடக்கம் முடிந்ததும் அவர் மகளிடம், "உங்கத்தா பிலிமைக் கெடுக்கல கண்ணு, கெடுத்தவன் நான்" என்றேன். அழுகைக்கு நடுவே சிரித்தாள். தவறு நடந்த இடத்திலேயே, கூசாமல் ஸாரி சொல்லிவிடுவது: அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான்.