தெளிக்காத பால்

நொரோவ் பிறந்த இடம் தெற்கே, கோபிப் பாலைவனத்தின் நடுவில். கிணறு வற்றியபின் அங்கே ஆளே இல்லை. கிழவரான பிறகு அவருக்கு அங்கே போயாக வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. பிறந்த மண்ணில் படுத்துப் புரண்டால் உடம்பு தெளியும் என்பது எங்கள் ஜனங்களின் நம்பிக்கை.

மகள் துலம்ஜாவ் அவரைத் தடுத்துப் பார்த்தாள்.

"புரளணும்னா வாசல்லயே புரளுங்கப்பா. நம்ம குதிரை இங்கதான புரளுது, அதுக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

"குதிரை இங்க பொறந்துச்சு புள்ள. நான் அங்கல்ல பொறந்தேன்."

பயணம் கிளம்புகிறவர் நல்லபடியாகத் திரும்பி வர, வீட்டுப் பெண் அவர் பின்னால் பால் தெளிக்க வேண்டும். தெளிக்காமல் எங்களில் யாரும் கிளம்புவதில்லை. அதனால் தெளிக்காவிட்டால் அப்பா தங்கிவிடுவார் என்று துலம்ஜாவ் நினைத்தாள். அவர் குதிரைமேல் ஏறி வாசலில் காத்திருந்தார். அவள் கூடாரத்துக்குள் பால் வாளியை அணைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"பால் இருக்காம்மா?"

"மாடு இன்னிக்குக் கறக்கலப்பா."

"சரி, கறக்காட்டி அது என்ன பண்ணும்," என்றார் அவர். பிறகு குளம்படிச் சத்தம் கேட்டது.

குளிர் தொடங்கும்போது குதிரை மட்டும் வந்தது. ஒட்டகம் மேய்ப்பவர்கள் அவரை அந்தப் பழைய கிணற்றருகே கண்டெடுத்துப் புதைத்திருந்தார்கள். சட்டை முதுகெல்லாம் செம்மண் அப்பியிருந்ததாம்.

இப்போது துலம்ஜாவ் தினமும் காலையில் தெற்கே பார்த்துப் பால் தெளிக்கிறாள்.

"போய்ச் சேர்ந்தவருக்கு இனிமே எதுக்குடி?" என்றாள் பக்கத்துக் கூடாரத்துக்காரி.

"பால் இருக்கான்னு கேட்டாருக்கா. வாளி என் மடியிலதான் இருந்துச்சு."