நெடுந்தீவு மேடையில் பிடுங்கிய தூண்

போன ஆனி மாதம் நெடுந்தீவுக்குப் போனேன். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடிக்கிற காலத்தில் அந்தக் கடலைக் கடக்காதே என்று யாழ்ப்பாணத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எனக்கும் தெரியும். கொக்குவிலில் பிறந்தவள் நான். போதாக்குறைக்குப் பெரிய பயந்தாங்கொள்ளி. லிப்டில் ஏறினால் கூட அதில் எழுதியிருக்கும் எடைக் கணக்கை இரண்டு தடவை வாசிப்பேன். அப்படிப்பட்டவள் அந்த நேரம் பார்த்துப் போனதற்குக் காரணம், மொரிட்டா என்ற எழுபத்தொரு வயது ஜப்பானிய நடிகர்.

மொரிட்டா ஆடுவது நோ நாடகம். ஜப்பானில் இன்றும் ஆடப்படும் மேடைக் கலைகளில் மிகப் பழையவற்றில் ஒன்று, அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் விடாமல் ஆடி வருகிறார்கள். பலருக்கும் தெரிந்த கபுக்கி இதற்கு வெகுகாலம் பிந்தியது. கபுக்கியில் நிறமும் சத்தமும் அதிகம். நோவில் மரத்தில் செதுக்கிய முகமூடி, பாட்டு, மேளம், குழல், அதோடு மிக மெதுவான நடை. நான் ஒன்பது வருடம் நகோயாவில் வேலை செய்தபோது இதைப் பார்த்துப் பைத்தியமாகிவிட்டேன். முதல் தடவை தூங்கிவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது கொழும்பில் இருந்து மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். மொரிட்டாவின் குழு இலங்கைக்கு வந்தபோது என்னைத்தான் கூப்பிட்டார்கள். கொழும்பில் ஆடி, யாழ்ப்பாணத்தில் ஆடித் திரும்புவதாகத் திட்டம். நடுவில் யாரோ அவருக்கு ஒரு வீடியோவைக் காட்டிவிட்டார்கள். நெடுந்தீவில் மாதா கோவிலடியில் நடந்த நாட்டுக்கூத்து அது. அதில் கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் கையில் தாளத்தோடு மேடையிலேயே நிற்கிறார். நடிகர் தடுமாறினால் அடியை எடுத்துக் கொடுக்கிறார். யாரும் அதைக் குறையாகப் பார்க்கவில்லை. மொரிட்டா அதை மூன்று தடவை பார்த்துவிட்டு, “எங்களிடமும் இப்படி ஒருவர் உண்டு. நான் அங்கே ஆட வேண்டும்,” என்றார்.

அவர் சொன்ன அந்த ஒருவர்தான் அயோக்கி. மொரிட்டாவும் அவரும் ஒரே ஆசிரியரிடம் படித்தவர்கள். நோ நடக்கும்போது மேடையின் பின்பக்கம் கறுப்பு உடையில் ஒருவர் அசையாமல் உட்கார்ந்திருப்பார். உடை கலைந்தால் சரி செய்வார், விசிறி விழுந்தால் எடுத்துக் கொடுப்பார். அதைவிடப் பெரிய வேலை ஒன்றும் அவருக்கு உண்டு. முதன்மை நடிகர் நடுவில் விழுந்துவிட்டால், விட்ட இடத்தில் இருந்து அவரே ஆடி முடிக்க வேண்டும். நாடகம் நிற்காது. விழுந்தவரை என்ன செய்வீர்கள் என்று அயோக்கியிடம் கேட்டேன். பக்கத்தில் உள்ள சின்னக் கதவால் தூக்கிக்கொண்டு போவார்கள் என்றார், மழை வந்தால் குடை பிடிப்போம் என்கிற தொனியில்.

நான் ஏன் அதைக் கேட்டேன் என்றால், மொரிட்டாவின் மகள் எனக்குத் தொலைபேசி எடுத்திருந்தாள். அப்பாவுக்குப் போன குளிர்காலத்திலிருந்து காதுக் கோளாறு, திடீரென்று தலை சுற்றும், ஒருமுறை மேடை விளிம்பு வரைக்கும் போய்விட்டார், தயவுசெய்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அன்றிலிருந்து என் தூக்கம் போனது.

யாழ்ப்பாண நகரத்திலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்கு முப்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல். குழுவில் நால்வர், என்னோடு ஐவர், பெட்டிகள் ஏழு. போக வர வான் வண்டிக்கு வாடகை பன்னிரண்டாயிரம் ரூபா. காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். மண்டைதீவுச் சந்தி தாண்டியதும் இரண்டு பக்கமும் கடல். தண்ணீரில் சின்னச் சின்னதாக நுரை வெடித்துக்கொண்டிருந்தது. இது அதிகமா என்று சாரதியிடம் கேட்டேன். “இது உள்ளுக்கை கிடக்கிற தண்ணி அக்கா. வெளிக்கடலைப் பார்த்திட்டுக் கதையுங்கோ,” என்றார். நான் யன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

குறிகட்டுவானில் நயினாதீவு அம்மன் திருவிழாவுக்குப் போகிற சனம் நெருக்கியடித்தது. முகமூடிப் பெட்டியை அயோக்கி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். உள்ளே இருந்த முகமூடியின் வயது இருநூறுக்கும் மேல். அதன் முகத்தில் விரல் படக்கூடாது, இரு பக்கமும் கயிறு கோர்க்கும் துளையருகே மட்டும்தான் பிடிக்கலாம். கற்பூரத் தட்டும் பூக்கூடையுமாக ஆட்கள் இடித்துக்கொண்டு போகப் போக நான் அவருக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றேன். நெடுந்தீவுப் படகுக்குக் கடற்படையினர் பெயர் பதிந்து உயிர்காப்பு அங்கி தந்தார்கள். எட்டு மணிக்குப் படகு வெளிக்கிட்டது.

ஒரு மணி நேரப் பயணம். அதை விபரிக்க விருப்பமில்லை. பாதி வழியில் மொரிட்டா முகம் வெளிறி, கண்ணை மூடிக்கொண்டார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை “சரியா இருக்கிறீர்களா?” என்று கேட்டேன். ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டினார். இறங்குதுறையில் கால் வைத்ததும் கடலோரக் கல்மதிலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். இன்றைக்கு வேண்டாமே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். “வந்துவிட்டோமே,” என்றார்.

எங்களை வரவேற்றவர் மரியநாயகம் அண்ணை. வீடியோவில் நின்ற அண்ணாவியார் அவர்தான். கடற்தொழில் செய்கிறவர், அறுபது வயதிருக்கும், குரல் மட்டும் இரண்டு ஆட்களுக்குப் போதும். கோவில் மண்டபத்து மேடையைக் கழுவித் துடைத்துக் கண்ணாடி மாதிரி வைத்திருந்தார். வெள்ளைக் காலுறை இல்லாமல் யாரும் மேடையில் ஏறக்கூடாது என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். அது நோவில் கட்டாயம். அவர் பெருநாளுக்குப் போடுகிற மேஸ் என்ற வெள்ளைக் காலுறையைக் காட்டி, “இது காணுமோ தங்கச்சி?” என்று கேட்டார். பின்சுவரில் பைன் மரம் வரைந்த துணியைத் தொங்கவிட்டோம். எந்தக் கதை ஆடினாலும் நோ மேடையில் அந்த ஒரு மரம்தான் காட்சி. பார்த்தவர்கள் எல்லோரும் சவுக்கு என்றே முடிவு செய்தார்கள்.

இனித் தூணுக்கு வருகிறேன். நோ மேடைக்கு நான்கு மூலையிலும் நான்கு தூண் உண்டு. முகமூடியின் கண்துளை ஒரு சின்ன நாணயத்தின் அளவு. அதற்குள்ளால் காலடி தெரியாது, விளிம்பு தெரியாது. பார்ப்பவர்களுக்கு இடது முன்மூலையில் இருக்கும் தூணைப் பார்த்துத்தான் நடிகர் தான் எங்கே நிற்கிறார் என்று அறிவார். மற்ற மூன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அந்த ஒன்று வேண்டும் என்று மொரிட்டா சொல்லியிருந்தார். அண்ணையின் ஆட்கள் முதல்நாளே பனைமரத்தில் ஒன்றை நட்டிருந்தார்கள். பத்து மணிக்கு நானே கையால் ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. அன்று நான் நிம்மதியாக விட்ட ஒரே மூச்சு அதுதான்.

உடை உடுத்தும் அறையாகக் கோவிலின் பக்கத்து அறையைத் தந்தார்கள். மொரிட்டா முகமூடியைக் கையில் எடுத்து, அதற்குக் குனிந்து வணங்கி, கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து அணிந்துகொண்டார். அதற்குப் பிறகு அவரோடு பேசக்கூடாது. பதினொரு மணிக்குக் குழல் ஊதியது. நான் மேடையின் பக்கமாகப் போய் நின்று, வழக்கம்போல் எல்லாவற்றையும் ஒருமுறை சரிபார்த்தேன். தூண் இல்லை.

மேடை மூலையில் துளை மட்டும் இருந்தது, அதையும் அழகாக மண் போட்டு மூடிப் பலகை வைத்திருந்தார்கள். பக்கத்தில் நின்ற அண்ணையின் கையைப் பிடித்து இழுத்து, தூண் எங்கே என்று கேட்டேன்.

“பொம்பிளையளுக்கு மறைக்குது எண்டு சொல்லிச்சினம். அதுதான் புடுங்கிப்போட்டம்,” என்றார் அவர், நல்ல காரியம் செய்த முகத்தோடு.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கூத்து ஆடுகிறவர்களுக்குச் சனத்தின் கண்ணை மறைப்பதைப் போலப் பாவம் வேறில்லை. ஆனால் மேடை என் நெஞ்சளவு உயரம், கீழே சீமெந்துத் தரை. மொரிட்டா ஏற்கனவே, உடை அறையிலிருந்து மேடைக்குப் பலகையால் போட்ட நடைபாலத்தில் வந்துகொண்டிருந்தார், ஒவ்வொரு பாதமாகத் தேய்த்துத் தேய்த்து. நிறுத்த முடியாது. பின்னால் உட்கார்ந்திருந்த அயோக்கி வெறும் மூலையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்த ஆளின் முகம் மாறியதை நான் அன்றுதான் முதன்முதல் கண்டேன்.

நான் அண்ணையின் காதுக்குள் எல்லாவற்றையும் கொட்டினேன். மொரிட்டாவுக்கு முகமூடிக்குள்ளால் கண் தெரியாது, அந்தத் தூணைப் பார்த்துத்தான் நடப்பார், அது இல்லாவிட்டால் விழுந்துவிடுவார், காலையிலிருந்தே தலை சுற்றுகிறது என்றேன். அண்ணை ஒரு கணம் மூலையைப் பார்த்தார்.

“அந்த இடத்திலை நான் நிண்டால் காணுமோ?”

நான் தலையை ஆட்டினேன். “நாங்கள் செய்த பிழைக்கு நாங்கள்தானே நிக்கவேணும்,” என்று சொன்ன அண்ணை, சட்டைப் பையில் இருந்த வெள்ளை மேஸை எடுத்து மாட்டிக்கொண்டு, மேடையில் ஏறி, தூண் இருந்த இடத்தில் சனத்துக்கு முதுகு காட்டி நின்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, இரண்டு கையும் உடம்போடு ஒட்டி. அவர் பனைமரத்தைவிட மூன்று மடங்கு அகலம். ஆனால் மறைக்கிறது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. கூத்தில் அண்ணாவியார் மேடையில் நிற்பது அவர்களுக்குப் பழகிய விஷயம்.

ஒரு பெண்ணின் ஆவி வந்து, பழைய நாளை நினைத்து ஆடிவிட்டுப் போகும் பகுதி அது. அரை மணி நேரம். மொரிட்டா முதலில் மேடையின் நடுவில் நின்றார். வெகு நேரம் நின்றார். அது ஆட்டத்தின் பகுதியா, தலைச்சுற்றா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு மூலையை நோக்கி நடக்கத் தொடங்கினார். ஐந்து அடி தூரம் இருக்கையில் நின்றிருக்க வேண்டியவர், இன்னும் வந்தார். அயோக்கியின் கை முழங்காலிலிருந்து தரைக்கு இறங்கியது. எழப் போகிறார் என்று நினைத்தேன். முகமூடிக்கும் அண்ணையின் முகத்துக்கும் நடுவே ஒரு கை நீளம்கூட இல்லை. நான் மாதாவையும் அம்மனையும் ஒன்றாகக் கூப்பிட்டேன். அண்ணை கண்கூட இமைக்கவில்லை. மொரிட்டா நின்றார். முகமூடியை மெல்லக் கீழே சாய்த்தார். பிறகு திரும்பி நடந்தார். அதன் பிறகு ஆறேழு தடவை அந்த மூலைக்கு வந்தார், ஒவ்வொரு தடவையும் சரியான இடத்தில் நின்று திரும்பினார்.

உள்ளே முகமூடியைக் கழற்றியதும் கதிரையில் அப்படியே சரிந்து உட்கார்ந்தார். முகம் முழுக்க வேர்வை. தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்தேன். குடித்துவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை, “இன்றைக்குத் தூண் மூச்சு விட்டது.”

நான் நடந்ததைச் சொன்னேன். அவர் எழுந்து போய் அண்ணைக்கு இடுப்பு வரை குனிந்து வணங்கினார். அண்ணைக்கு வெட்கமாகிவிட்டது. என்னிடம் தனியாகச் சொன்னார்: “அந்த முகம் கிட்ட வரேக்கை சிரிச்சது தங்கச்சி. குனியேக்கை அழுதது. மரத்திலை செய்தது எண்டு நம்ப ஏலாது.” முகமூடியை நிமிர்த்தினால் ஒளி விழுந்து மலரும், சாய்த்தால் நிழல் விழுந்து வாடும். நான் வருடக் கணக்கில் பின்வரிசைகளில் இருந்து பார்த்திருக்கிறேன். அவ்வளவு கிட்டத்தில் பார்த்தவர் அவர்தான்.

திரும்பிய பயணத்தைச் சொல்வதற்கு முன்னர், போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். மாசி, பங்குனியில் போங்கள், கடல் அமைதியாக இருக்கும். அடையாள அட்டை கட்டாயம். படகு நேரங்களும் கட்டணமும் மாறும், முதல்நாள் இறங்குதுறையில் விசாரித்துக்கொள்ளுங்கள். மாலைப் படகை விட்டால் இரவு அங்கேதான். தீவுக்குள் ஓட்டோ பிடித்து, அடிமரம் பருத்த பெருக்க மரம், குதிரைகள், கல்மதில் வேலிகள் எல்லாம் பார்க்க மூவாயிரத்து ஐந்நூறு கேட்டார்கள். நாங்கள் பார்க்கவில்லை, நான் இருந்த இருப்பில் குதிரை எதற்கு. சாப்பாட்டைச் சொல்லி வைத்தால்தான் கிடைக்கும். முகமூடி ஏதாவது கொண்டு போவதாக இருந்தால், தூணை யாரும் பிடுங்காமல் காவல் காக்கவும்.

திரும்பும் படகு இரண்டரைக்கு. கடல் காலையைவிட மோசம். படகின் உள்பக்கம் தாழ்வாக இருக்கும், கடலும் தெரியாது, கரையும் தெரியாது, இருக்கை, பை, ஆட்கள் எல்லாம் ஒன்றாக ஆடும். மொரிட்டாவின் உதடு வெளுத்திருந்தது. நான் பக்கத்தில் இருந்து முதுகைத் தடவினேன், விசிறினேன், பையைத் திறந்து மூடினேன், சரியா இருக்கிறீர்களா என்று கேட்டேன், திரும்பவும் கேட்டேன். அவர் என் கையை மெதுவாக விலக்கினார்.

“அங்கே போய் உட்காருங்கள். எனக்கு எதிரே. அசையாமல்.”

எனக்குச் சுருக்கென்றது. எதிர்ப்பக்கம் போய், பலகைச் சுவரில் முதுகை ஒட்டி, கால் இரண்டையும் தரையில் ஊன்றி உட்கார்ந்தேன். அவர் என் நெற்றியைப் பார்க்கத் தொடங்கினார். கண்ணை எடுக்கவேயில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது.

படகு தூக்கிப் போட்டது. கேட்கவேண்டும் என்று வாய் உன்னியது, கேட்கவில்லை. மூக்கு அரித்தது. மடியில் கைபேசி அதிர்ந்து, நின்று, மறுபடி அதிர்ந்தது. அவருடைய மகள்தான், அப்பா எப்படி என்று கேட்கத்தான். குறிகட்டுவானில் கயிறு கட்டி, அவர் கண்ணை என் நெற்றியிலிருந்து எடுக்கும்வரை நான் கையை அசைக்கவில்லை.