முத்தையா கடைப் பனி

பிரிஜ் ரிப்பேர் பார்க்கிறவனுக்குச் சனியனாக இருக்கிற பனி, வாடிக்கையாளருக்குச் சாமி. பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பேச்சு வாங்கியவர்களுக்கு இது புரியும்.

நாலு விரல்

எழுபதுகளில் செல்லூரில் முத்தையா கலர், சோடா விற்கிற கடை வைத்திருந்தார். பாட்டில் குளிரவில்லை என்று கூப்பிட்டார். திறந்து பார்த்தால், மேலே ஐஸ் பெட்டியைச் சுற்றி நாலு விரல் கனத்துக்குப் பனி. கதவு ரப்பர் கிழிந்து, ஈரக் காற்று உள்ளே போய் உறைந்த பனி. குளிர வைக்கிற கேஸ் ஓடும் குழாய்க்குக் கம்பளி போர்த்தின மாதிரி. குளிர் வெளியே வராது, மோட்டார் ஓடியே சாகும். இதைச் சொன்னேன்.

"இம்புட்டு பனி இருக்கையில குளிரலைங்கிறதுதானப்பா கோளாறு! பனியில கை வைக்காத."

சுடுதண்ணி

அவர் சாப்பிடப் போன நேரத்தில் கை வைத்தேன். பிரிஜை நிறுத்தி, உள்ளே சுடுதண்ணீர்ச் சட்டியை வைத்துப் பனியை உருக்கி, ரப்பரை மாற்றினேன். சாயங்காலம் பாட்டில் சில்லென்று இருந்தது. முத்தையா பாட்டிலைத் தொடவே இல்லை. கலர் குடிக்க வந்த தறிக்காரர்கள் முன்னால் கத்தினார்:

"நாலு விரல் இருந்துச்சே, எங்கடா? கேஸை உருவிட்டியா?"

கதவு

அதோடு செல்லூரில் என் பிழைப்பு போயிற்று. அடுத்த தெரு டீக்கடைக்காரர் என் சைக்கிளைப் பார்த்ததுமே பிரிஜ் கதவை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார்.

"நம்மது நல்லா ஓடுதுண்ணே. நீங்க போயிட்டு வாங்க."

கொட்டாம்பட்டி

பஸ் ஏறி வெளியூர் வேலைக்குப் போனேன். கொட்டாம்பட்டியில் ஒரு வீட்டம்மா பனியைச் சுரண்டித்தான் விருந்தாளிகளுக்கு எலுமிச்சை சர்பத் போடுவார். அங்கேயும் பனியைப் பற்றிப் பாடம் எடுத்தேன்.

"அதெல்லாம் இருக்கட்டும்ண்ணே. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரக வாராக, பனி சுருக்கா வளர மருந்து இருந்தா போட்டுட்டுப் போங்க."

அரிவாள்

ரெண்டு வருசம் கழித்து முத்தையாவே வீடு தேடி வந்தார். கடைக்குப் போய்ப் பார்த்தால், கதவைக் காலால் உதைத்துச் சாத்தியே புது ரப்பரையும் கிழித்திருந்தார். பனி முட்டிக் கதவு மூடவில்லையாம், அரிவாளால் கொத்தினாராம், குழாய் பொத்துக்கொண்டு உஸ்ஸென்று கேஸ் போய்விட்டதாம். அதே தறிக்காரர்கள் முன்னால், கேஸைப் போக்கியது யார் என்று அவர் வாயால் சொன்னால்தான் பையைத் திறப்பேன் என்றேன்.

"நீதான்ப்பா! அன்னைக்கு நீ பனியை எடுக்காம இருந்திருந்தா, எனக்கு எடுக்கணும்னு தோணியிருக்குமா?"

தறிக்காரர்கள் தலையாட்டினார்கள். நான் குழாயை ஒட்டி, கேஸ் ஏற்றி, கிழிந்த ரப்பரை மட்டும் மாற்றாமல் விட்டுவிட்டு வந்தேன்; கொஞ்ச நாளில் பழையபடி நாலு விரல் பனி ஏறியது, செல்லூரில் என் பேரும் ஏறியது.