பளிச்சக்கா கழுவிவிட்ட பச்சை

சாயப்பட்டறையில் தொட்டி கழுவும் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் பளிச்சக்கா. பாசி என்றால் அவளுக்கு ஜென்மப் பகை. தொட்டிச் சுவரில் லேசாகப் பச்சை தட்டினாலே போதும், பிரஷ்ஷையும் பிளீச்சிங் பவுடரையும் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். வீட்டிலும் அதே கதைதான். குளியலறை மூலையைச் சுரண்டிச் சுரண்டிச் சிமெண்டே பெயர்ந்துவிட்டது. "இன்னும் கொஞ்சம் சுரண்டு, பக்கத்து வீட்டுக்கே வழி வந்துடும்" என்பார் அதே பட்டறையில் சாயம் முக்கும் அவள் கணவர்.

அந்தப் பட்டறையை இழுத்துப் பூட்டும் நிலை வந்தது. கழிவுநீர் தெளியாவிட்டால் மூடவேண்டியதுதான் என்று சோதனை அதிகாரிகள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். மூடினால் புருஷன் பெண்டாட்டி இருவர் பிழைப்பிலும் மண்தான். இதற்கென்று வந்த இன்ஜினியர் பெண், சாயத்தை உறிஞ்சிக் கழிவைத் தின்று வளரும் நுண்பாசியை ஒரு கேனில் கொண்டுவந்து, கழிவுநீர்த் தொட்டியில் விட்டு வெயிலில் வளர்த்தாள். பளிச்சக்கா அப்போது மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தவளிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் அதிகாரிகள் வருகிறார்கள். தொட்டியோ பச்சைப்பசேலென்று கிடக்கிறது. நான் இல்லாவிட்டால் இந்த லட்சணம்தான் என்று முணுமுணுத்துக்கொண்டே வால்வைத் திறந்தாள். அத்தனை பச்சையும் பின்புறக் கழிவுக் குட்டைக்குப் போய்ச் சேர்ந்தது. அப்புறம் தேய்த்தாள் பாருங்கள், தொட்டியில் முகம் பார்த்துத் தலை சீவலாம்.

காலையில் இன்ஜினியர் பெண் தொட்டியருகே அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, அது அழுக்கில்ல. தண்ணிய சுத்தம் பண்ணத்தான் வளர்த்தேன்."

"பாசியா சுத்தம் பண்ணும்?" என்று கேட்ட பளிச்சக்கா, அந்த முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

அடுத்த மாதம் வருகிறோம், அதுதான் கடைசி என்று சொல்லிவிட்டு அதிகாரிகள் போனார்கள். புதிதாகப் பாசி வரவழைத்து வளர்க்க அந்த அவகாசம் போதாது. பளிச்சக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் போய்க் குட்டையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கருஞ்சிவப்பாகத் தேங்கிக்கிடக்கும் அந்தத் தண்ணீரைத் தவளைகூட எட்டிப்பார்க்காது.

நடுவில் நல்ல மழை பெய்தது, பிறகு சுள்ளென்று வெயில் அடித்தது. ஒரு காலை அவள் போனபோது குட்டையின் ஓரம் பச்சை. இரண்டு நாளில் குட்டை முழுக்கப் பச்சை. யாரும் தீனி போடவில்லை, கலக்கிவிடவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் இன்ஜினியர் பெண்ணிடம் ஓடினாள்.

இன்ஜினியர் பெண் குட்டைத் தண்ணீரில் ஒரு சொட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்து, "நீங்களே பாருங்கக்கா" என்றாள்.

உள்ளே குட்டிக் குட்டிப் பச்சை உருண்டைகள். ஒன்றின் வயிற்றுக்குள் மட்டும் நாலு பொடிசுகள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. பளிச்சக்காவுக்குப் புல்லரித்தது. பிரசவ அறை வாசலில் நின்றபோதுகூட நெஞ்சு இப்படி அடித்துக்கொள்ளவில்லை.

"இந்த விஷத்துலயா புள்ள பெத்துக்குது?"

"ஆமாக்கா. தொட்டியில நான் செல்லமா வளர்த்தத விட இது கெட்டி. சாயத்துக்கே பழகிடுச்சு."

குட்டையிலிருந்து தொட்டிக்கு அந்தப் பச்சையை வாளி வாளியாகச் சுமந்தது பளிச்சக்காதான். வேறு யாரையும் தொடவிடவில்லை. சொன்னபடி அதிகாரிகள் வந்தார்கள். பாசியை வடிகட்டி எடுத்த தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து அவர்களில் ஒருவர் வெயிலில் தூக்கிப் பார்த்தார். பாட்டிலுக்குப் பின்னால் அவர் விரல்கள் ஒவ்வொன்றும் தெரிந்தன. சோதித்துப் பார்த்துவிட்டு, பட்டறை நடக்கட்டும் என்றார்.

"நீ கழுவி விடலேன்னா அது குட்டைக்கே போயிருக்காது" என்று கணவர் வழக்கம்போல் வம்புக்கு இழுத்தார்.

பளிச்சக்கா தொட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எத்தன வருஷமா தேய்ச்சுத் தேய்ச்சுக் கொன்னேன். ஒண்ணையாவது கண்ணால பார்த்தேனா? இப்ப அதுதாங்க நமக்குச் சோறு போடுது" என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.