விருந்தாளிக்குப் போன மூங்கில்

போளூரில் எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில், இரண்டு மர முளைகளின் மேல் ஒரு நீள மூங்கில் கிடக்கிறது. நடுவில் ஒரு விரிசல், விரிசலைச் சுற்றிக் கறுத்துப்போன தோல் வார். அதற்கு ஒரு முழம் மேலே இன்னும் இரண்டு முளைகள் வெறுமனே இருக்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள் மூங்கிலை விட்டுவிட்டு அந்த வெறும் முளைகளைப் பற்றித்தான் கேட்கிறார்கள். "காலண்டராவது மாட்டலாமே அத்தை" என்கிறாள் மருமகள். கூடாது என்று நான் சொல்வதும், ஏன் என்று அவள் கேட்பதும், நான் சமையலறைக்குள் போய்ப் பாத்திரத்தை உருட்டுவதும் வழக்கமாகிவிட்டது. நிதானமாக உட்கார்ந்து சொல்ல எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. இதை எழுதும்போதும் நடுநடுவே எழுந்து நடந்துவிட்டுத்தான் வருகிறேன்.

ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் எங்கள் வட ஆற்காடு மாவட்டத்தில் கோலூன்றித் தாண்டுவதில் பெயரெடுத்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் என் அண்ணன், ஜவ்வாது மலையில் சாமையும் புளியும் விளைத்துப் பிழைத்த குடும்பத்தின் மூத்த பிள்ளை. மற்றவர் வாணியம்பாடியில் தோல் வியாபாரம் செய்த வீட்டு மகன். அவரை நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். இவர்களில் யார் பெரிய ஆள் என்று அந்தக் காலத்தில் ஆரணியிலும் கண்ணமங்கலத்திலும் டீக்கடைகளில் சண்டையே நடந்திருக்கிறது. அந்தச் சண்டையை எல்லோரும் மறந்துவிட்டார்கள். என் மண்டைக்குள் மட்டும் அது இன்னும் ஓயவில்லை.

அண்ணன் இந்த விளையாட்டுக்குள் வந்ததே ஒரு வேடிக்கை. புளி விற்கப் போளூருக்கு இறங்கியவன், பள்ளி மைதானத்தில் கூட்டத்தைப் பார்த்துவிட்டு எட்டிப் பார்த்திருக்கிறான். கழியை ஊன்றிக் குறுக்குக் கழி ஒன்றைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். "இதுக்கா இம்மாங் கூட்டம்? மழைக்காலத்துல எங்க ஊர்ல பொம்பளைங்ககூட ஓடைய இப்பிடித்தான் தாண்டுவாங்க" என்று சத்தமாகச் சொல்லிவிட்டான். அப்படியானால் நீ வந்து தாண்டு என்று டிரில் மாஸ்டர் கழியைக் கையில் கொடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாண்டினான். புளி மூட்டையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னை ஹாஸ்டலிலிருந்து கூப்பிட்டு அனுப்பினான். அப்போது நான் போளூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் ஒரு பித்தளைச் சொம்பைப் பரிசாக வாங்கி மூட்டையின் மேல் வைத்திருந்தான்.

இருவரும் தாண்டுகிற விதமே வேறு. பாய் வேலூரில் கல்லூரியில் படித்தவர், அகலமான மைதானத்தில் பழகியவர். வெகுதூரத்திலிருந்து அளந்து அடி வைத்து ஓடி வருவார். சட்டை மடிப்புக் கலையாது. தொடங்கும் உயரத்தையும் முடிக்கும் உயரத்தையும் முன்பே தீர்மானித்துவிட்டு வந்தவர் மாதிரி இருப்பார். அண்ணனுக்கு நீள ஓட்டம் தெரியாது. எங்கள் மலையில் அவ்வளவு சமமான தரைக்கு எங்கே போவது? பத்துப் பதினைந்து தப்படி ஓடுவான், ஊன்றுவான், எப்படியோ மேலே இருப்பான். ஒருநாள் எல்லோரும் வாயைப் பிளக்கிற உயரத்தைத் தாண்டுவான், அடுத்த வாரம் முதல் உயரத்திலேயே குறுக்குக் கழியைத் தட்டிவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவான். கண்ணமங்கலத்தில் தூறலில் நடந்த போட்டியில் பாய்க்குக் கை வழுக்கியது. அண்ணன் அடுப்புச் சாம்பலைக் கையில் தேய்த்துக்கொண்டு ஜெயித்தான். ஆரணியில் பாய் ஜெயித்தார். இப்படியே மாறி மாறிப் போனது. பதினோரு அடி மட்டும் அதுவரை இரண்டு பேருக்குமே எட்டவில்லை.

எனக்குப் பாயைப் பிடிக்காது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். ஆனால் அண்ணனுக்கு அவரை ரொம்பப் பிடித்தது. போட்டி முடிந்ததும் இரண்டு பேரும் மணலிலேயே உட்கார்ந்து ஒரே பொட்டலத்து மசால்வடையைத் தின்பார்கள். இது எனக்குப் பெரிய எரிச்சலாக இருக்கும்.

அந்தக் காலத்தில் தாண்டுவதற்கு மூங்கில்தான். வேலூர்க் கடைகளில் கிடைத்தது ஏணிக்கும் பந்தலுக்கும்தான் உதவும், ஆள் பாரம் தாங்காது. ஒரு கோடைக்கு முன்னால் பாய் ஆலங்காயம் வந்து, நெல்லிவாசல்நாடு ஏறி, அங்கிருந்து நடந்தே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். நல்ல மூங்கில் வேண்டும் என்று கேட்டார். அப்பா அவரை அனுப்பிவிட்டு, அண்ணனைக் கூட்டிக்கொண்டு சரிவில் இறங்கி, ஒரே புதரிலிருந்து இரண்டு மூங்கில்களை வெட்டினார். ஒன்று பாய்க்கு, ஒன்று அண்ணனுக்கு. இரண்டையும் வெயில் படாமல் அடுப்புப் புகையில் காயவிட்டார். மாதங்கள் போனபின் பாய் மறுபடியும் வந்தார். பிடிக்கிற இடத்தில் சுற்ற, தங்கள் தோல் ஷாப்பிலிருந்து இரண்டு கோலுக்கும் வார் கொண்டுவந்திருந்தார்.

இரண்டும் ஒரே புதர்தான், ஆனால் ஒன்று மற்றதுபோல் இல்லை. ஒன்று அடி முதல் நுனிவரை ஒரே கனம், கணுக்கள் நெருக்கம், பார்வைக்கே நேர். மற்றது கொஞ்சம் இளசு. காயும்போது அடிப்பக்கம் லேசாகக் கோணிக்கொண்டது. அண்ணன் இரண்டையும் சரிவிலிருந்து தோளில் சுமந்தவன், தினமும் புகைக்கு அடியில் நின்று திருப்பிப் போட்டவன். நல்லது எது என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. அது தனக்கு என்பதிலும் இல்லை. வாரை எந்தக் கணுவில் சுற்ற வேண்டும் என்றுகூடக் கரியால் கோடு போட்டு வைத்திருந்தான்.

பாய்க்கு அப்பா சாமைச் சோறும் கோழிக் குழம்பும் போட்டார். எங்கள் வீட்டில் வந்தவர்களுக்குத்தான் முதல் பங்கு, நல்ல பங்கு. தேனடையில் நடுப்பகுதி, பலாவில் பெரிய சுளை, படுக்கக் கிழியாத கோரைப்பாய் எல்லாம் வந்தவர்களுக்கு. மிச்சம் இருப்பதுதான் எங்களுக்கு. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்த மனிதரிடம், கரிக்கோடு போட்ட கோலை அப்பா இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார். பாய் இரண்டையும் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு, அப்பா கொடுத்ததையே வாங்கிக்கொண்டார். அண்ணன் கோணல் கோலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனான். நான் அப்பாவை முறைத்தேன். அவர் என்னை வெற்றிலை எடுத்து வரச் சொன்னார்.

வேலூரில் நடந்த தேர்வுப் போட்டிக்கு நானும் அப்பாவும் போயிருந்தோம். ஜெயிப்பவன் மாவட்டத்துக்காக மெட்ராஸ் போவான். அதைவிடப் பெரிய விஷயம், போலீசில் வேலை கிடைக்கும் என்று பேச்சு. ஆள் எடுக்க ஒரு அதிகாரி வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பாய்க்கு வேலை தேவையில்லை, வியாபாரம் காத்துக்கொண்டிருந்தது. அண்ணனுக்கு அந்த வேலை வேண்டும். இரண்டு வருஷமாக மழை ஏமாற்றியிருந்தது, எனக்குப் பின்னால் இன்னும் சிறுசுகள் இருந்தார்கள். மலையை விட்டு இறங்க அவனுக்கு வேறு வழி எதுவும் இல்லை. அவன் அப்படிப் பதற்றமாக நின்று நான் முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

மற்றவர்கள் கழன்றுகொள்ள, இவர்கள் இரண்டு பேரும் நின்றார்கள். குறுக்குக் கழி பதினோரு அடிக்குப் போனது. அண்ணன் முதலில் ஓடினான். ஊன்றி எழும்பினான், பாதி உயரத்தில் படீரென்று ஒரு சத்தம். மூங்கில் நடுவில் விரிசல் விட்டுவிட்டது. அண்ணன் மணலுக்கு வெளியே விழுந்தான், முழங்கையெல்லாம் சிராய்ப்பு. இன்னும் இரண்டு வாய்ப்பு இருந்தது. பாய் தன் கோலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, "இத எடுத்துக்கப்பா, இதால தாண்டு" என்று நீட்டினார். சொந்தக்காரர் சம்மதித்தால் அடுத்தவர் கோலில் தாண்டலாம், அதற்குத் தடையில்லை. அண்ணன் அந்தக் கோலைப் பார்த்தான். பிறகு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்தில் நின்ற அப்பாவைப் பார்த்தான்.

"குடுத்தத திருப்பி வாங்கற வழக்கம் எங்க வூட்ல இல்ல பாய்" என்றான்.

பிடியில் சுற்றியிருந்த வாரை அவிழ்த்து விரிசல்மேல் இறுக்கிக் கட்டினான். அந்தக் கோலோடு இரண்டு முறை ஓடினான். இரண்டு முறையும் குறுக்குக் கழி விழுந்தது. பாய் இரண்டாவது முயற்சியில் தாண்டிவிட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் நான் அழுதுகொண்டே வந்தேன். கண்ணமங்கலம் தாண்டியதும் நான் அடங்காமல், "நல்ல கோல ஏன் அவருக்குக் குடுத்தீங்க?" என்று பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டேன். "வந்தவங்களுக்கு ரெண்டாந்தரத்த குடுத்துட்டு அந்த வூட்ல எப்பிடி சோறு துண்றது?" என்றார். முன் சீட்டில் இருந்த அண்ணன் திரும்பியே பார்க்கவில்லை. அப்பா அப்படிச் சொன்னதால் என் கோபம் குறைந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அதற்குப் பிறகு இருவர் வாழ்க்கையும் எப்படிப் போனது என்று எத்தனையோ முறை பக்கம்பக்கமாக வைத்துப் பார்த்திருக்கிறேன். பாய் மெட்ராசில் பரிசு வாங்கினார், பேப்பரில் படம் வந்தது. போலீஸ் வேலையை வேண்டாம் என்றுவிட்டார். அவர் வேண்டாம் என்ற இடத்துக்கு வேறு ஊர்க்காரன் ஒருவனை எடுத்தார்கள். கொஞ்ச வருஷம் தாண்டினார், பிறகு கல்யாணம், வியாபாரம், தொப்பை. அண்ணன் சாமை விதைத்துக்கொண்டே ஊர் ஊராகப் போய்த் தாண்டினான். சொம்பு, தட்டு, டார்ச் லைட் என்று கொண்டுவந்தான். இரும்புக் குழாய்க் கோல்கள் வந்ததும் அவை கைக்குப் படியவில்லை என்று நிறுத்திக்கொண்டான். பதினோரு அடியை அவன் ஒருபோதும் தாண்டவில்லை. சாதனையைப் பார்த்தால் பாய்தான் பெரியவர். எந்த மைதானத்துக்கும் எந்தக் கோலோடும் போனவன் என்று பார்த்தால் அண்ணன். ஒன்றை ஒப்புக்கொண்டால் மற்றது என்னைப் பிடுங்கும். எனக்குக் கல்யாணமாகிப் போளூர் வந்தபோது, விறகோடு கிடந்த விரிசல் கோலைப் பிடிவாதமாக எடுத்து வந்தேன். அதில் துணி காயப்போட்டேன், பிறகு மனம் கேட்காமல் சுவரில் ஏற்றினேன்.

பாய்க்கு வயதான பிறகு ஒருநாள் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கூரையில் அந்த நல்ல கோல் கட்டியிருந்தது. மூச்சு வாங்க உள்ளே வந்து உட்கார்ந்தார். "உங்க அண்ணன வூட்டுக்கு வாப்பா வாப்பான்னு எத்தினி வருசமா கூப்பிட்டேன். வந்தா இத அவர் கையில குடுப்பேன்னு தெரிஞ்சே வர்ல. நீங்க வச்சிக்குங்க தங்கச்சி" என்றார். நான் டீயைக்கூட நீட்டாமல் நின்றேன். அவரே சொன்னார். "ரெண்டையும் அன்னிக்கே தூக்கிப் பாத்தேன். எது நல்லதுன்னு கைக்குத் தெரியாதா? வேணாம்னா உங்கப்பா மனசு நோவும்னு எனக்கு நானே சொல்லிக்கினேன். ஆனா ஜெயிக்கணும்னு ஆசை. அதான் நெசம்." பல வருஷமாக அவரைத் திட்டுவதற்கென்று சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் இருந்தன. டீயை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தேன். மேலே இரண்டு முளை அடித்து அந்தக் கோலை ஏற்றினேன். கொடுத்ததைத் திருப்பி வாங்காத வழக்கம் அப்பா வீட்டுடையது, நான் வேறு வீட்டுக்கு வாழ வந்தவள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சில மாதங்களில் அண்ணன் கண் டாக்டரைப் பார்க்க மலையிலிருந்து இறங்கி வந்தான். சுவரைப் பார்த்ததும் வாசல்படியிலேயே நின்றுவிட்டான். சாப்பாடு போட்டேன். கை கழுவி வந்தவனிடம் மேல்கோலை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினேன்.

"ண்ணா, இது என் வூடு. இங்க நீதான் விருந்தாளி. அப்பா வழக்கப்படி நல்லது உனக்குத்தான்."

வாங்கிக்கொண்டான். தூக்கிப் பார்த்தான், அடியைத் தரையில் தட்டிப் பார்த்தான். "எனக்கு இது ஆவாது. என் ஓட்டத்துக்கு இது ரொம்ப முறுக்கு, வளைஞ்சி குடுக்காது. அப்பா தெரிஞ்சிதான் குடுத்திருக்காரு" என்றான். சொல்லி முடித்த பிறகும் கோலைக் கீழே வைக்கவில்லை. வலது கை மேலே, இடது கை கீழே, அந்தப் பழைய கரிக்கோடு இருந்த இடத்தில் பிடித்திருந்தான். பஸ்ஸில் ஏற்றும்போது, "இன்னா பெரியவரே, ஏணியா?" என்று கண்டக்டர் சிரித்தார். மேலே ஏறித் தானே கட்டுவேன் என்று அண்ணன் அடம் பிடித்தான்.

புளி உலுக்கும் காலத்தில் நான் மலைக்குப் போனேன். அவன் சொன்னது உண்மையா, அப்பாவைக் காப்பாற்றச் சொன்னதா என்று தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டுக்குப் பின்னால் புளியமரத்தடியில் அண்ணன் நின்றிருந்தான். கையில் அந்தக் கோல். மெட்ராஸ் வரை போய்ப் பரிசு வாங்கிய கோலால் புளி தட்டிக்கொண்டிருந்தான். "உச்சிக் கொம்புகூட எட்டுது பாரு" என்றான்.

"ண்ணா, அன்னிக்கு இது உன் கையில இருந்திருந்தா பதினோரு அடி தாண்டியிருப்பியா?"

அவன் திரும்பவில்லை. மேலே ஒரு கொத்தைக் குறிபார்த்துக்கொண்டே சொன்னான்.

"தாண்டியிருப்பேன்."

கொத்து விழுந்தது. "பொறுக்கு, வெயில் ஏறுது" என்றான். நான் குனிந்து பொறுக்கினேன். அப்பா கொடுத்தது சரியென்றும், அதனால் தான் இழந்தது இவ்வளவு என்றும் இரண்டையும் ஒன்றாகத் தெரிந்து வைத்துக்கொண்டு, அவன் இத்தனை வருஷம் சும்மா இருந்திருக்கிறான். எனக்கு அப்படி இருக்கத் தெரியவில்லை.

ஒவ்வொரு வருஷமும் அந்த மரத்துப் புளி எங்கள் வீட்டுக்கு வருகிறது, கொட்டை எடுத்து, நல்லதாகப் பொறுக்கியது. அவர்கள் வீட்டில் என்ன புளி கரைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ரசம் வைக்கும்போது கூடத்தை எட்டிப் பார்க்கிறேன். கீழே விரிசல் விட்ட கோல், மேலே இரண்டு வெறும் முளைகள். அங்கே நான் காலண்டர் மாட்ட விடமாட்டேன்.